ஏஜாக்ஸ் நுட்பத்தின் தொடக்க வரலாறும் உலாவிகளின் ஆதரவும்

ஏஜாக்ஸ் என்பது, திறந்திருக்கும் இணையப் பக்கத்தை மாற்றாமலேயே, உலாவி பின்னணியில் வழங்கியோடு தொடர்பு கொண்டு, வேண்டிய தரவை மட்டும் பெற்று, பக்கத்தின் ஒரு பகுதியில் காட்டும் இணைய நுட்பமாகும். தேடுபெட்டியில் 'கள்ள' என்று தட்டச்சு செய்தவுடன் கீழே கள்ளக்குறிச்சி முதலிய பெயர்கள் வரிசையாக வந்து நிற்பதும், இணைய நிலப்படத்தைக் கையால் இழுத்தால் அடுத்த பகுதி தானாக வந்து சேர்வதும் இந்த நுட்பத்தின் விளைவுகளே.

இதற்கு ஏஜாக்ஸ் என்ற பெயர் 2005-இல் வந்தது. ஆனால் இதற்கான கருவி 1999-லேயே பல கோடிக் கணினிகளுக்குள் போய்ச் சேரத் தொடங்கிவிட்டது. இடையில் ஏறத்தாழ ஆறு ஆண்டுகள் பெரும்பாலோர் அதைத் தொடவில்லை. அதற்கான காரணத்தை உலாவிகளின் வரலாற்றில்தான் தேட வேண்டும்.

ஒத்திசைவு என்னும் சொல்

இந்நுட்பத்தை 'ஒத்திசைவற்ற' முறை என்பர். சொல் கடினமாகத் தோன்றினாலும் கருத்து எளிது. ஆசிரியர் ஒரு மாணவனைத் தலைமையாசிரியர் அறைக்கு அனுப்பிச் சுண்ணக்கட்டி எடுத்துவரச் சொல்கிறார். அவன் திரும்பும் வரை வகுப்பு முழுவதும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தால் அது ஒத்திசைந்த முறை. அவன் போய்வரட்டும் என்று பாடம் தொடர்ந்து நடந்து, அவன் வாசலில் வந்து நின்றதும் சுண்ணக்கட்டியை வாங்கிக்கொண்டால் அது ஒத்திசைவற்ற முறை. உலாவியில், மாணவனை அனுப்புவதும் அவன் வந்ததும் செய்யவேண்டியதை முன்கூட்டியே குறித்து வைப்பதும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலின் வேலை.

முழுப் பக்கமும் மாறிய காலம்

டிம் பெர்னர்ஸ்-லீ வடிவமைத்த வையவிரி வலை, ஆவணங்களைப் படிப்பதற்காக உருவானது. ஒரு இணைப்பைச் சொடுக்கினால் பழைய பக்கம் போய்ப் புதிய பக்கம் வரும். படிப்பதற்கு இது போதும். ஆனால் அதே வலையில் அஞ்சல் பார்க்கவும் படிவம் நிரப்பவும் தொடங்கியபோது தொல்லை தெரிந்தது. சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் 1996 சூலை 4 அன்று தொடங்கிய ஹாட்மெயிலில் ஒரு மடலை நீக்கினாலும் பட்டியல் முழுவதும் மீண்டும் வந்தாக வேண்டும். தலைப்புப் படம், விளம்பரம், பொத்தான்கள் எல்லாம் அதனுடன் வரும்.

இந்தியாவில் விஎஸ்என்எல் நிறுவனம் 1995 ஆகத்து 15 அன்று பொதுமக்களுக்கு இணைய வசதியை அளித்தது. அந்த நான்கு நகரங்களில் சென்னையும் ஒன்று. கள்ளக்குறிச்சி போன்ற ஊர்களுக்குத் தொலைபேசிக் கம்பி வழியாகவும் பிரவுசிங் சென்டர் வழியாகவும் இணையம் வந்துசேரச் சில ஆண்டுகள் பிடித்தன. கள்ளக்குறிச்சி அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. 2019 நவம்பர் 26 அன்றுதான் தனி மாவட்டமாயிற்று.

டயல்-அப் மோடத்தின் உச்ச வேகம் நொடிக்கு 56 கிலோபிட். கம்பியின் தரத்தைப் பொறுத்து நொடிக்கு நான்கு கிலோபைட் கிடைத்தால் நல்லது. 60 கிலோபைட் அளவுள்ள பக்கம் ஒன்று முழுமையாக வர 15 நொடி ஆகும். படிவத்தில் ஒரு கட்டத்தைத் தவறாக நிரப்பி அனுப்பினால் போக 15 நொடி, திருத்தி அனுப்பினால் இன்னொரு 15 நொடி. கட்டணமோ மணிக்கணக்கில். பிளஸ் டூ தேர்வு முடிவு வெளியாகும் நாளில் இது இன்னும் கொடுமையாக இருக்கும். வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகப் பேருந்தில் இறங்கிவந்து, பதிவெண்ணைத் தட்டச்சு செய்து, வெள்ளைத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் மாணவருக்கு வேண்டியவை ஆறு மதிப்பெண்கள் மட்டுமே. எழுத்தாக எண்ணினால் சில நூறு பைட். அந்தச் சில நூறு பைட்டுக்காகப் பக்கம் முழுவதும் வரவேண்டியிருந்தது. ஏஜாக்ஸ் தீர்க்க வந்த சிக்கல் இதுதான்.

முன்னோடி உத்திகள்

பிரெண்டன் ஐக் 1995-இல் நெட்ஸ்கேப் உலாவிக்காக ஜாவாஸ்கிரிப்டை உருவாக்கினார். பக்கத்தைப் பல சட்டங்களாகப் பிரிக்கும் வசதியும் அதே நெட்ஸ்கேப் 2 பதிப்பில் வந்தது. மைக்ரோசாஃப்ட் 1996-இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 3 பதிப்பில் உட்சட்டத்தை, அதாவது பக்கத்துக்குள் மற்றொரு பக்கத்தைப் பதிக்கும் ஐஃபிரேம் என்ற குறியை, கொண்டுவந்தது. கெட்டிக்கார நிரலர்கள் இவற்றில் ஒரு குறுக்குவழி கண்டார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சட்டத்தைச் சுருக்கிவிட்டு, அதற்குள் மட்டும் புதிய பக்கத்தை வரவழைத்து, அதிலுள்ள தரவை ஜாவாஸ்கிரிப்டால் எடுத்து வெளிப்பக்கத்தில் ஒட்டினார்கள். வேலை நடந்தது. ஆனால் தரவு வராமல் போனால் அதை அறியச் சரியான வழியில்லை, 'பின்செல்' பொத்தானும் குழம்பும். 1998-இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ரிமோட் ஸ்கிரிப்டிங் என்ற முறை, மறைந்திருக்கும் ஒரு ஜாவா குறுநிரலைத் தூதாக வைத்து இதையே செய்தது.

அஞ்சல் பெட்டிக்காக எழுதப்பட்ட கருவி

இதற்கென்றே தனிக் கருவி மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் அஞ்சல் வழங்கிக் குழுவில் பிறந்தது. அலுவலக அஞ்சலை உலாவி வழியாகவே பார்க்கும் அவுட்லுக் வெப் அக்சஸ் என்ற மென்பொருளை அந்தக் குழு உருவாக்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு சொடுக்குக்கும் பக்கம் மாறாமல், மேசைக்கணினி மென்பொருளைப் போலவே அது இயங்க வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். அக்குழுவைச் சேர்ந்த அலெக்ஸ் ஹாப்மன் இதற்காக எக்ஸ்எம்எல்எச்டிடிபி என்ற சிறு கருவியை எழுதினார்.

இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5 வெளிவரும் தறுவாயில் இருந்ததால், புதிதாக ஒன்றைத் தனியாக அதில் சேர்க்க நேரமில்லை. உலாவியுடன் எப்படியும் போகவிருந்த எக்ஸ்எம்எல் நூலகத்துக்குள் இதையும் வைத்து அனுப்பினார்கள். பெயரில் எக்ஸ்எம்எல் ஒட்டிக்கொண்டதற்கு இதுவே காரணம். இக்கருவி வழியாக எந்த உரையையும் வரவழைக்கலாம், எக்ஸ்எம்எல் தேவையே இல்லை. பிற்காலத்தில் டக்ளஸ் கிராக்ஃபோர்டு பரப்பிய ஜேசான் வடிவம் எளிமையானது என்பதால் எக்ஸ்எம்எல்லைப் பெரும்பாலும் ஓரங்கட்டிவிட்டது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5, 1999 மார்ச் மாதம் வெளியானது. அதற்கு முந்தைய மாதம்தான் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடித் தமிழ் விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியாக்கத்துக்கும் தரம் காண முயன்றது. இவ்விரண்டுக்கும் நேரடித் தொடர்பில்லை. எனினும் பின்னால் இவை சந்திக்கும் இடம் ஒன்று உண்டு.

உலாவிகளுக்காகக் காத்திருந்த ஆண்டுகள்

எக்ஸ்எம்எல்எச்டிடிபி தொடக்கத்தில் ஆக்டிவ்எக்ஸ் என்ற மைக்ரோசாஃப்டின் சொந்த முறையில் மட்டுமே கிடைத்தது. நெட்ஸ்கேப் 4-இல் அது இல்லை. மேக் கணினிக்கான இன்டர்நெட் எக்ஸ்புளோரரிலும் இல்லை. ஆக்டிவ்எக்ஸ் வழியாக நச்சுநிரல்கள் நுழைந்ததால் பல அலுவலகங்களில் அதை முடக்கியும் வைத்தார்கள். பொதுமக்களுக்கான தளம் நடத்துபவர், சில உலாவிகளில் மட்டும் ஓடும் ஒன்றை நம்பித் தளத்தை எழுத முடியுமா? ஓட்போஸ்ட் என்ற அமெரிக்க அஞ்சல் சேவை 2002-இல் துணிந்து எழுதியது. அது விண்டோஸில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் வைத்திருப்போருக்கு மட்டுமே பயன்பட்டது. 2004-இல் யாகூ அதை விலைக்கு வாங்கிக்கொண்டது.

மொசில்லா குழு மைக்ரோசாஃப்டின் கருவியைப் பார்த்துத் தன் உலாவியில் அதற்கு இணையான ஒன்றை உருவாக்கியது. இங்கே ஆக்டிவ்எக்ஸ் இல்லை, ஜாவாஸ்கிரிப்டில் நேரடியாக அழைக்கலாம். எக்ஸ்எம்எல்எச்டிடிபி ரிக்வெஸ்ட் என்ற பெயரும் அங்கிருந்தே வந்தது. 2002 சூனில் வெளியான மொசில்லா 1.0 பதிப்பில் இது நன்கு வேலை செய்தது. ஆப்பிளின் சஃபாரி 1.2 பதிப்பு 2004 பிப்ரவரியிலும், ஓபரா 8 பதிப்பு 2005 ஏப்ரலிலும் இதை ஏற்றன. எந்தத் தர அமைப்பும் கட்டளையிடாமல், போட்டி நிறுவனங்கள் ஒன்றைப் பார்த்து ஒன்று செய்து இந்த ஒற்றுமை உண்டாயிற்று. உலாவிப் போர் என்று பலரும் எழுதும் அந்தக் காலத்தில் இப்படி ஓர் ஒற்றுமை ஏற்பட்டதைப் பாடநூல்கள் போதுமான அளவு சொல்வதில்லை.

ஆயினும் நிரலர்களின் தலைவலி தீரவில்லை. ஒரே வேலைக்கு இரண்டு வழிகளில் நிரல் எழுத வேண்டும்: இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5, 6 பதிப்புகளுக்கு ஆக்டிவ்எக்ஸ் வழி, மற்றவற்றுக்கு நேர் வழி. இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஒருமுறை வாங்கிய விடையைச் சேமித்துவைத்து, அடுத்த முறை வழங்கியைக் கேட்காமலேயே பழையதைக் காட்டும். இதைத் தவிர்க்க முகவரியின் கடைசியில் அந்த நொடியின் நேரத்தை ஓர் எண்ணாக ஒட்டி, ஒவ்வொரு கேள்வியும் புதியது என்று உலாவியை நம்பவைத்தார்கள். இத்தகைய வேறுபாடுகளையெல்லாம் உள்ளே மறைத்துவிட்டு, வெளியே ஒரே கட்டளையாகத் தரும் நூலகங்கள் பின்னர் எழுந்தன. 2005-இல் வந்த புரோட்டோடைப், 2006-இல் ஜான் ரெசிக் வெளியிட்ட ஜேகுவெரி ஆகியவை அவற்றுள் பெயர்பெற்றவை.

பெயர் கிடைத்தது

கூகுள் நிறுவனம் 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயிலைத் தொடங்கியது. ஒரு கிகாபைட் இடம் இலவசம் என்றதால் பலர் அதை முட்டாள்கள் தின வேடிக்கை என்றே எண்ணினர். இடத்தைவிட வியப்பு, மடலைத் திறந்தால் பக்கம் மாறாமல் மடல் திறந்ததுதான். அதே ஆண்டு திசம்பரில் தேடுசொற்களை முன்கூட்டிக் காட்டும் கூகுள் சஜஸ்ட் வந்தது. 2005 பிப்ரவரியில் கூகுள் நிலப்படம் வந்தது. இந்த நிலப்படம் தொடக்கத்தில் பழைய மறைசட்ட உத்தியையே பயன்படுத்தியது என்பது சுவையான செய்தி.

2005 பிப்ரவரி 18 அன்று ஜெசி ஜேம்ஸ் கேரட் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் ஒரு கட்டுரையில், இந்தத் தளங்களின் பின்னுள்ள பொது முறைக்கு ஏஜாக்ஸ் என்று பெயரிட்டார். ஒத்திசைவற்ற ஜாவாஸ்கிரிப்டும் எக்ஸ்எம்எல்லும் என்பது அதன் விரிவு. குளித்துக்கொண்டிருந்தபோது இப்பெயர் தோன்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். புதிய கண்டுபிடிப்பு எதுவும் அதில் இல்லை. ஆனால் சிதறிக் கிடந்த உத்திகளுக்கு ஒரு பெயர் கிடைத்ததும், நிறுவனங்கள் அதைக் கேட்டு வாங்கத் தொடங்கின.

சென்னையில் ஒரு சொற்செயலி

இந்த அலையில் தமிழ்நாட்டுக்கு நேரடிப் பங்கு உண்டு. 1996-இல் தொடங்கப்பட்டு, ஸ்ரீதர் வேம்புவின் தலைமையில் சென்னையில் வளர்ந்த அட்வென்ட்நெட் நிறுவனம், 2005-இல் சோகோ ரைட்டர் என்ற சொற்செயலியை வெளியிட்டது. அதைக் கணினியில் நிறுவ வேண்டியதில்லை, உலாவியிலேயே எழுதிச் சேமிக்கலாம். அடுத்த ஆண்டு கணக்குத்தாள் மென்பொருளும் வந்தது. கூகுளின் ஆவணச் செயலிக்கு மூலமான ரைட்லி என்ற மென்பொருளும் 2005-இல்தான் வெளியானது. அதைக் கூகுள் 2006 மார்ச்சில் வாங்கியது. ஆக, உலகின் முதல் உலாவிச் சொற்செயலிகள் வரிசையில் சென்னையில் எழுதப்பட்ட ஒன்றும் நிற்கிறது.

உலாவிச் சொற்செயலிக்கு ஏஜாக்ஸ் உயிர்நாடி. எழுதுபவர் தட்டச்சு செய்துகொண்டே இருக்க, பின்னணியில் உரை வழங்கிக்குப் போய்ச் சேமிக்கப்பட வேண்டும். சேமிக்கும் ஒவ்வொரு முறையும் பக்கம் மாறினால் யார் எழுதுவார்? ஆனால் இணைப்பு அறுந்தால் எல்லாம் நின்றுவிடும். மின்தடையும் கம்பிப் பழுதும் பழகிப்போன நாட்டில் இது சிறிய குறையன்று. 2007-இல் கூகுள், கியர்ஸ் என்ற துணைநிரலை வெளியிட்டது. இணைப்பு இல்லாதபோது தரவைக் கணினியிலேயே வைத்துக்கொள்ள அது உதவும். சோகோ ரைட்டர் அதே ஆண்டில் அதைப் பயன்படுத்தி, இணைப்பற்ற நிலையிலும் ஆவணத்தைத் திறக்க வழி செய்தது. அட்வென்ட்நெட் 2009-இல் சோகோ என்றே பெயர் மாற்றிக்கொண்டது.

தமிழ் எழுத்து படும் பாடு

1990-களின் தமிழ்த் தளங்கள் பல, ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துருக்களைக் கொண்டு இயங்கின. தளத்துக்குத் தளம் குறியாக்கம் மாறும். முழுப் பக்கம் வரும்போது, எந்தக் குறியாக்கம் என்ற செய்தி பக்கத்தின் தலைப்பகுதியில் எழுதியிருக்கும். உலாவி அதைப் பார்த்து நடந்துகொள்ளும். ஏஜாக்ஸ் வழியாக வருவதோ தலைப்பகுதி இல்லாத துண்டு உரை. வழங்கி தனியாக அறிவிக்காவிட்டால் உலாவி அதை யூடிஎஃப்-8 என்னும் ஒருங்குறி வடிவமாகவே எடுத்துக்கொள்ளும். பழைய குறியாக்கத்தில் அனுப்பிய தமிழ் அப்போது கட்டங்களாகவும் கேள்விக்குறிகளாகவும் சிதைந்தது. இதனால் ஏஜாக்ஸ் பயன்படுத்த விரும்பிய தமிழ்த் தளங்களுக்கு ஒருங்குறியே வசதியான வழியாயிற்று. தமிழ்நாடு அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்ற ஆணை 2010 சூன் மாதம், கோவை செம்மொழி மாநாட்டின்போது வந்தது.

ஒருங்குறிக்கு ஒரு விலையும் உண்டு. கள்ளக்குறிச்சி என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். எழுத்தெண்ணிப் பார்த்தால் எட்டு எழுத்து. ஒருங்குறியில் மெய்க்குப் புள்ளியும் உயிர்மெய்க்குத் துணைக்குறியும் தனித்தனியே எண்ணப்படுவதால் 14 குறிகள். யூடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட் என 42 பைட். இதையே ஓர் இணைய முகவரியில் வைத்துக் கேள்வியாக அனுப்பும்போது, ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு பதினறும இலக்கமுமாக விரிந்து 126 எழுத்தாகிவிடும். ஆங்கிலத்தில் இந்தப் பெயரைப் பன்னிரண்டு எழுத்தில் முடித்துவிடலாம். தேடுபெட்டியில் ஒவ்வொரு விசை அழுத்தத்துக்கும் ஒரு கேள்வி போகும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், மெதுவான இணைப்பில் தமிழ் பின்தங்குவது ஏன் என்பது விளங்கும்.

தமிழர் பலர் ஏஜாக்ஸைக் கண்ணால் பார்த்தது கூகுளின் எழுத்துப்பெயர்ப்புப் பெட்டியில்தான் எனலாம். 2000-களின் பிற்பகுதியில் வந்த இதில், 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்தில் அடித்து இடைவெளி விசையை அழுத்தினால், அச்சொல் வழங்கிக்குப் போய்த் தமிழாகித் திரும்பும். இணைப்பு நன்றாக இருந்தால் இமைப்பொழுதில் மாறிவிடும். மெதுவாக இருந்தால் ஆங்கிலச் சொற்கள் நாலைந்து வரிசையாக நின்று, பின்னர் ஒவ்வொன்றாகத் தமிழாகும். எழுதுபவர் அடுத்த சொல்லுக்குப் போய்விடலாம், முன் சொல் தானாக வந்துசேரும். ஒத்திசைவற்ற முறைக்கு இதைவிட நல்ல செய்முறை விளக்கம் கிடைப்பது அரிது. இதற்கு மாறாக, பழைய குறியாக்கங்களை ஒருங்குறிக்கு மாற்றிய பொங்குதமிழ் போன்ற கருவிகள், எழுத்து அட்டவணை முழுவதையும் பக்கத்துடனேயே கொண்டுவந்துவிடும். பக்கம் ஒருமுறை வந்துவிட்டால் பிறகு இணைப்புத் துண்டிக்கப்பட்டாலும் வேலை நிற்காது. ஊர்ப்புறத்துக்கு இம்முறையே ஏற்றது.

மலைமேல் ஒரு கைப்பேசி

2005 சனவரியில் பிஎஸ்என்எல் டேட்டாஒன் அகலப்பட்டைச் சேவையைத் தொடங்கியது. 2004-ஆம் ஆண்டின் அரசுக் கொள்கைப்படி அகலப்பட்டை என்றால் நொடிக்குக் குறைந்தது 256 கிலோபிட். ஏஜாக்ஸ் பெயர்பெற்ற அதே ஆண்டில் நகரங்களில் இணைப்பும் வேகம் பெற்றது. கல்வராயன் மலையைப் போன்ற இடங்களின் கதை வேறு. சாலையின் ஒரு வளைவில் சிக்னல் இருக்கும், மறுவளைவில் இருக்காது. அத்தகைய இடங்களில் பலருக்கு இணையம் கைப்பேசி வழியாகவே அறிமுகமானது.

அந்தக் கைப்பேசிகளுக்குக் கைகொடுத்தது 2006 சனவரியில் உலகெங்கும் வெளியான ஓபரா மினி. பக்கத்தை முதலில் ஓபராவின் வழங்கியே வாங்கி, சுருக்கி, கைப்பேசிக்கு அனுப்பும். தமிழ் எழுத்துரு இல்லாத கைப்பேசியிலும், அதன் அமைப்புப் பக்கத்தில் ஒரு தெரிவை மாற்றினால் தமிழ் எழுத்துகள் படங்களாக வந்து தெரியும். இந்த வித்தை அன்று வாய்மொழியாகவே பரவியது. ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் ஓடியது தொலைவிலுள்ள வழங்கியில், அதுவும் சில நொடிகள் மட்டும். கைப்பேசியில் பின்னணி வேலை எதுவும் தொடராது. ஆகவே ஏஜாக்ஸ் தளங்கள் அங்கே ஒவ்வொரு தொடுதலுக்கும் போய்வரும் பழைய முறைக்கே திரும்பின, அல்லது திறக்கவே இல்லை.

இதில் ஒரு முரண் இருக்கிறது. ஏஜாக்ஸ் ஒவ்வொரு செயலுக்கும் செலவாகும் தரவைக் குறைத்தது உண்மை. ஆனால் அதைச் செய்யும் நிரல் முதலில் வந்து சேர வேண்டும். நிரல் 400 கிலோபைட் என்று வைத்துக்கொண்டால், நொடிக்கு நான்கு கிலோபைட் தரும் இணைப்பில் 100 நொடி காத்திருக்க வேண்டும். நடுவில் சிக்னல் போனால் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அதிகம் பயன்பெற வேண்டியவரே வாசலில் நிற்கும் நிலை இது. கூகுள் இதை உணர்ந்திருந்தது. ஜிமெயில் திறக்கும்போது தோன்றும் நீலப் பட்டைக்குக் கீழே, மெதுவான இணைப்புள்ளோர் எளிய பக்கத்துக்குச் செல்ல ஓர் இணைப்பு இருந்ததைப் பலர் பார்த்திருப்பர். அந்த எளிய பக்கத்தில் ஏஜாக்ஸ் இல்லை. ஒவ்வொரு சொடுக்குக்கும் பக்கம் மாறும் பழைய ஹாட்மெயில் முறையே அது.

தரநிலையும் அதன் பின்னும்

வையவிரி வலைச் சேர்த்தியம் எக்ஸ்எம்எல்எச்டிடிபி ரிக்வெஸ்டுக்கான முதல் வரைவை 2006 ஏப்ரல் 5 அன்று வெளியிட்டது. அதாவது கருவி வந்து ஏழாண்டுகளுக்குப் பின் அதற்கு விதி எழுதப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 7 ஆக்டிவ்எக்ஸை விட்டு, மொசில்லாவைப் பார்த்து நேர் வழிக்கு மாறியது. கருவியைத் தந்த உலாவியே, அதைப் படியெடுத்தவரின் முறையை ஏற்க வேண்டியதாயிற்று. 2015-இல் குரோமும் பயர்பாக்சும் ஃபெட்ச் என்ற புதிய முறையைச் சேர்த்துக்கொண்டன. புதிய நிரல்கள் இன்று பெரும்பாலும் அதையே பயன்படுத்துகின்றன. விண்டோஸ் 10 கணினிகளில் இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2022 சூன் 15 அன்று முடித்துக்கொண்டது. ஜிமெயிலின் எளிய பக்கத்தைக் கூகுள் 2024-இல் நிறுத்தியது.